கீழத்தெரு அரிசி

எங்கள் சபை இரண்டாகப் போகாமல் நின்றதற்கு நான்தான் காரணம் என்று பிற்காலத்தில் ஒரு கூட்டத்தில் மேடையேறிச் சொல்லிவிட்டார்கள். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மறுத்துப் பேச எழுந்தவளை, 'அம்மாவுக்கு எம்புட்டுத் தாழ்மை பாருங்க' என்று கையமர்த்தி உட்காரவைத்தார்கள். பேச விடாததால் எழுதுகிறேன். சபை இரண்டாகப் போக இருந்ததற்கும் பாதிக் காரணம் நான்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், ராஜபாளையத்தில், என் கணவர் உபதேசியாராக இருந்தார். நான் கோயிலை ஒட்டிய மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். சபையார் ஐயர் என்று கூப்பிடுகிற குருவானவர் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். சுற்றுவட்டாரத்துச் சபைகளுக்கெல்லாம் அவர் ஒருவர்தான் என்பதால், மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும் ரயிலேறி வந்து எங்களுக்குத் திருவிருந்து கொடுத்துவிட்டு மூன்று மணி வண்டிக்குத் திரும்பிவிடுவார். மற்ற ஞாயிறுகளில் பிரசங்கம் என் கணவர் பாடு, அதைக் கேட்பது எங்கள் பாடு.

சபையார் இரண்டு தெரு. மேலத்தெருக்காரர்கள் கொஞ்சம் நிலம், கொஞ்சம் பருத்தி வியாபாரம் என்று இருந்தவர்கள். நான் பிறந்தது அந்தத் தெருவில். கீழத்தெருக்காரர்கள் சோழபுரம் பக்கத்து வயல்களுக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர்கள். தெரு என்று நாகரிகமாகச் சொல்கிறேன். சாதி என்று வாசித்துக்கொள்ளுங்கள். ஞானஸ்நானத் தண்ணீர் எங்கள் தலையை நனைத்ததே தவிர அதை நனைக்கவில்லை. கோயிலில் மேலத்தெருவுக்குப் பெஞ்சு, கீழத்தெருவுக்குப் பாய். திருவிருந்துக்கு முதலில் மேலத்தெரு ஆண்கள், அடுத்து மேலத்தெருப் பெண்கள், அப்புறம் கீழத்தெரு ஆண்கள், எல்லாருக்கும் கடைசியில் கீழத்தெருப் பெண்கள். இப்படித்தான் என்று யாரும் சட்டம் போடவில்லை. யாரும் மீறிப் பார்க்கவும் இல்லை.

எங்கள் பக்கத்துச் சபைகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு காணிக்கை உண்டு. உலையில் அரிசி போடுமுன் வீட்டுப் பெண் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பாள். கஞ்சி காய்ச்சுகிற வீடானாலும் அந்தப் பிடி தவறாது. ஞாயிற்றுக்கிழமை அதை ஓலைப்பெட்டியில் கொண்டுவந்து கோயிலில் கொட்டுவார்கள். அதில் ஒரு பங்கு உபதேசியார் குடும்பத்துக்கு வந்துவிடும். மீதியைச் சேர்த்துவைத்து அறுப்பின் பண்டிகை அன்று அசனம் ஆக்குவார்கள். அசனம் என்றால் சபை முழுக்க ஒன்றாக உட்கார்ந்து உண்ணுகிற விருந்து. எங்கள் சபையில் மட்டும் அதற்குப் பொருள் வேறு. பீடத்துக்குக் கீழே மேலத்தெருவுக்கு ஒரு பெட்டி, கீழத்தெருவுக்கு ஒரு பெட்டி. பண்டிகை அன்று பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு அடுப்பு, வேப்பமரத்தடியில் ஒரு அடுப்பு. ஜெபம் மட்டும் ஒன்று.

ஒரு வருஷம் அசனத்தின் நடுவில் மலையிலிருந்து மழை இறங்கிவிட்டது. மேலத்தெருக்காரர்கள் பள்ளிக்கூடத்துக்குள் ஏறிக்கொண்டோம். கீழத்தெருக்காரர்கள் மரத்தடியில் இலையைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார்கள். சோற்றில் மழைத் தண்ணீர் ஓடியது. உள்ளே இடம் இருந்தது. உள்ளே வாருங்கள் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த முதல் ஞாயிறு குருவானவர் கையில் ஒரு மனு வந்தது. எங்கள் தெருவிலேயே எங்களுக்குத் தனி ஜெபவீடு வேண்டும் என்று கீழத்தெருக்காரர்கள் எழுதிக் கைநாட்டு வைத்திருந்தார்கள். முதல் கைநாட்டு ஒரு பெண்ணுடையது. நடவுக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போகிற கைம்பெண் அவர். முப்பது பெண்கள் அவர் பின்னால் வரப்பில் போவார்கள். பெயர் எழுதுவது அவருக்குப் பிடிக்காது, நடவுக்காரி என்றே சொல்கிறேன். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். அந்நாளில் நான் அவரை நீ என்றுதான் பேசினேன்.

குருவானவர் மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "அடுத்த அறுப்பின் பண்டிகை வரைக்கும் பொறுப்போம். அன்றைக்கு ரெண்டு தெருவும் ஒரே அசனமாச் சாப்பிட்டா இதுக்கு வேலை இல்லை. இல்லேன்னா நானே கையெழுத்துப் போட்டு மேலே அனுப்பிருவேன். அதுக்குப் பொறவு ரெண்டு கோயில்தான்" என்றார்.

எனக்கு அது பொறுக்கவில்லை. என் வகுப்பில் இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே பலகையில் எழுதுகிறவர்கள். தனிக் கோயில் வந்தால் தனிப் பள்ளிக்கூடம் வரும், தனிக் கல்லறை வரும், பிரிந்தவர்கள் பிரிந்ததையே மறந்துவிடுவார்கள். இந்தச் சபை உடையக்கூடாது என்று நான் வைராக்கியம் கொண்டேன். வைராக்கியத்தில் குறை இல்லை. அதோடு கூடவே, இதைச் செய்து முடிக்க என்னைவிட்டால் ஆள் இல்லை என்ற நினைப்பும் வந்து உட்கார்ந்துகொண்டது.

கோயில் கமிட்டியில் மேலத்தெருவின் பெரிய தலை என் பெரியப்பா. மாதக்கணக்கில் அவரிடம் மல்லுக்கு நின்றேன். கடைசியில் ஒருநாள் இறங்கிவந்தார்.

"சரிட்டி, ஒரே பந்தியில உக்காரட்டும். ஆனா அரிசி நம்ம அரிசி. சமைக்கிற தவசிப்பிள்ளை நம்ம ஆளு. அவிய வரட்டும், உக்காரட்டும், சாப்பிட்டுப் போகட்டும். அவிய அரிசி நம்ம அண்டாவுல விழக்கூடாது."

இதுவே மலையைப் பெயர்த்த மாதிரி எனக்கு. ஓட்டமாகக் கீழத்தெருவுக்குப் போய் நடவுக்காரியிடம் ஒரே பந்தி என்று சொன்னேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"எங்க அரிசி?"

"அரிசியைப் பத்தி இப்ப என்ன? ஒண்ணா உக்காரப்போறோம்லா."

"எங்க அரிசியும் அதே பானையில வேகணும் டீச்சரம்மா. அது இல்லேன்னா நாங்க விருந்தாளி. சபையார் இல்லை."

இரண்டு பேரும் அசையவில்லை. பண்டிகை நெருங்கிவிட்டது. நான் என் புத்தியை நம்பினேன். பெரியப்பாவிடம் போய், "அவிய அரிசி கலக்காது" என்றேன். நடவுக்காரியிடம் போய், "உங்க அரிசி கலக்கும்" என்றேன். சமாதானம் பண்ணுகிறவளுக்கு இரண்டு பொய் தேவையா என்று கேட்பீர்கள். உண்மையில் ஒரு பொய்தான். மற்றது நடக்கப்போகிற உண்மை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எல்லாரும் உண்டு முடித்து ஏப்பம் விடுகிற நேரத்தில் எழுந்து நின்று, 'நீங்கள் உண்டது இரண்டு தெரு அரிசி, யாருக்காவது தொண்டையில் அடைத்ததா?' என்று கேட்பதாகத் திட்டம். அந்தப் பேச்சை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு நாலைந்து தடவை பேசிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது.

சனிக்கிழமை பள்ளிக்கூடச் சாமான் அறைக்குள் போய், இரண்டு தெருப் பெட்டி அரிசியையும் பாயில் கொட்டி, முழங்கை வரை அளைந்து கலந்தேன். என் கணவருக்குக்கூடச் சொல்லவில்லை.

நான் போர்டிங்கில் வளர்ந்தவள். எனக்குச் சோறு உண்ணத் தெரியும், ஆக்குவது பிற்பாடு கற்ற வித்தை. அதுவும் இரண்டு ஆளுக்கு. மேலத்தெரு அரிசி குதிரில் கிடந்த பழைய நெல்லைக் குத்தியது. கீழத்தெருப் பெண்கள் வருஷமெல்லாம் சேர்ந்த அரிசியை எடுத்துக்கொண்டு, அந்த மாதம்தான் அறுப்புக் கூலியாக வாங்கின புது நெல்லைக் குத்தி அதே அளவுக்குப் பண்டிகைக்கென்று நிறைத்துவைத்திருந்தார்கள். பழைய அரிசி வேக நேரம் பிடிக்கும், புதுசு கண்மூடித் திறக்குமுன் குழைந்துவிடும். பத்து வயதுப் பெண்பிள்ளைக்குத் தெரிந்த இந்தச் சங்கதி டீச்சரம்மாவுக்குத் தெரியவில்லை.

பண்டிகை அன்று ஆராதனை முடிந்து எல்லாரும் முற்றத்தில் வந்து உட்கார்ந்தார்கள். ஒரே வரிசையில் பாய். மேலத்தெருவுக்கும் கீழத்தெருவுக்கும் நடுவில் இரண்டு ஆள் உட்காருகிற இடைவெளி இருந்தது, அதைப் பார்க்காத மாதிரி இருந்தேன். குருவானவர் மனுவைக் கொண்டுவந்திருந்தார், பையிலிருந்து எடுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இலை போட்டாயிற்று. அண்டாவைத் திறந்த தவசிப்பிள்ளை அகப்பையில் சோற்றை எடுத்துப் பார்த்தான், விரலால் நசுக்கினான், மறுபடி அடியிலிருந்து எடுத்து நசுக்கினான்.

"முதலாளி, ஒரு பருக்கை கூழாப்போச்சு, ஒரு பருக்கை விதையா நிக்குது. இது ரெண்டு அரிசி."

பெரியப்பா எழுந்து வந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"ஏட்டி, என்ன செஞ்ச?"

மறைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஒத்திகை பார்த்த பேச்சு தொண்டையில் தயாராக இருந்தது. "கலந்தேன் பெரியப்பா. நான்தான் கலந்தேன். ஒரே கர்த்தர், ஒரே பானை" என்று உரக்கவே ஆரம்பித்தேன். அதற்குமேல் கேட்க மேலத்தெருவில் ஆள் இல்லை. பாயைச் சுருட்டக்கூட நிற்காமல் வரிசையாக எழுந்து போனார்கள். போகட்டும், கீழத்தெருவாவது என் பக்கம் நிற்கும் என்று நினைத்துத் திரும்பினேன். நடவுக்காரி எழுந்து நின்றிருந்தார்.

"டீச்சரம்மா, எங்க அரிசியைக் களவாவா கலந்தீய?"

"வேற வழி?"

"எல்லாரும் பாக்கக் கலக்கணும்னுதான் நாங்க கேட்டோம். ஒளிச்சுக் கலக்க அது என்ன திருட்டுச் சரக்கா? கல்லு மண்ணு கலக்காத புது நெல்லு, குத்திப் புடைச்சுக் கொண்டாந்தோம்." அவர் குரல் உயரவில்லை. "நான் ஒண்ணு கேக்கேன். ஏழு வருசமா எங்க கைப்பிடி அரிசியை உங்க வீட்டுப் பானையில கலக்காதவிய, ஊர்ப் பானையில கலக்க வந்தீயளோ?"

அவர் முன்னால் போக, கீழத்தெரு முழுக்க அவர் பின்னால் எழுந்து போயிற்று.

இதை நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதக் கை வராமல் இவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு வந்தேன். என் அடுக்களையில் அரிசிக்கு இரண்டு பானை இருந்தன. மேலத்தெருப் பெட்டியிலிருந்து எங்கள் பங்குக்கு வருவது ஒரு பானையில் விழும், அதை நாங்கள் உண்போம். கீழத்தெரு அரிசி மூலைப் பானைக்குப் போகும். வெள்ளிக்கிழமை வாசலில் வருகிற பிச்சைக்காரர்களுக்கு அதை அளந்து போடுவேன். கல் கிடக்கிறது, குருணை கிடக்கிறது என்று என் மனசுக்குக் காரணம் வைத்திருந்தேன். ஏழைக்குத்தானே போடுகிறோம், புண்ணியம்தானே என்றும் ஒரு காரணம் வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை வந்து வாங்கிப்போன யாரோ கீழத்தெரு வழியாகப் போயிருக்க வேண்டும். தங்கள் வீட்டு அரிசி பிச்சையாகத் தங்கள் வாசலையே கடந்து போவதை அந்தப் பெண்கள் ஏழு வருஷம் பார்த்திருக்கிறார்கள். பார்த்துக்கொண்டே ஞாயிறு தோறும் பெட்டியைக் கொண்டுவந்து கொட்டியும் இருக்கிறார்கள்.

முற்றத்தில் நானும் என் கணவரும் குருவானவரும் அண்டாச் சோறும் மிஞ்சினோம். குருவானவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அடுத்த மாசம் திருவிருந்துக்கு வாரேன். அன்னைக்கு மூணு மணி வண்டிக்கு முன்ன கையெழுத்துப் போட்டுருவேன்" என்று மட்டும் சொன்னார். சோற்றைப் பக்கத்துத் தோட்டத்துத் தெலுங்குக்காரர் மாடுகளுக்குக் கேட்டு வாங்கிப்போனார். "ஏமம்மா, சண்டை உங்களுக்கு, விருந்து எங்க எருமைக்கா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிடிபிடியாய் ஒரு வருஷம் சேர்த்த அரிசி.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர்மேல் பாய்ந்தேன். நான் பாடுபட்டதென்ன, அலைந்ததென்ன, இந்த ஜனங்களுக்கு நன்றி உண்டா என்று கத்தினேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கேட்டார்.

"அந்த அம்மா சொன்னது பொய்யா?"

"நீங்களுமா?"

"எனக்கும் தெரியும். மூலைப் பானை எதுக்குன்னு எனக்கும் தெரியும். சோறு ருசியா இருந்திச்சு, நானும் வாயைத் திறக்கலை. கொரிந்து சபையில பசிச்சவன் ஒரு பக்கம், உண்டு களிச்சவன் ஒரு பக்கம்னு எத்தனை பிரசங்கம் பண்ணியிருக்கேன். வீட்டுக்கு வந்து இந்தச் சோத்தைத்தான் தின்னேன்."

அடுக்களைக்குப் போய் இரண்டு பானைக்கும் முன்னால் உட்கார்ந்தேன். அப்போதே மூலைப் பானையைத் தூக்கி மற்றதில் கொட்டிவிடலாம் என்று கை பரபரத்தது. கொட்டினால் மறுநிமிஷம் அதைப் போய்ச் சொல்லிக்காட்ட என் கால் பரபரக்கும் என்பதும் தெரிந்தது. அழுதேன். வெட்கத்தில் அழுதேன், வேறு நல்ல காரணம் எதுவும் இல்லை.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டதும் கீழத்தெருவுக்குப் போனேன். வாராவாரம் ஜெபத்துக்குப் போகிற தெருதான். எந்த வீட்டிலும் வாசலோடு நின்று ஜெபித்துவிட்டு, ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பிவிடுவேன் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. நடவுக்காரி முற்றத்தில் உலக்கையால் நெல் குத்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"நான் செஞ்சது தப்பு. மன்னிச்சிருங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை மரியாதை கொடுத்துப் பேசியது எனக்கே கேட்டது.

நாலு குத்துக் குத்திவிட்டு உலக்கையைச் சுவரில் சாய்த்தார்.

"எங்க முத்தத்துல, ஆளில்லாத நேரமாப் பாத்து வந்திருக்கீய. இதுவும் களவுதானம்மா. அரிசியைக் கோயிலுக்குத்தான் கொண்டாந்தோம். அங்க சொல்லுங்க."

"கோயில்ல பொம்பளை எந்திரிச்சுப் பேசுறது வழக்கமில்லையே."

"வழக்கத்தைப் பாத்தா நீங்க இங்கேயே வந்திருக்க மாட்டீயளே" என்று சொல்லி உலக்கையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் குடித்திருப்பேன். அவர் கேட்காதது நியாயம்தான்.

வீடு திரும்புகிற வழியில் முடிவெடுத்துவிட்டேன். சொல்வது, ஆனால் இந்தத் தடவை எதையும் மறைத்துச் செய்வதில்லை. முதலில் கணவரிடம் சொன்னேன். "சொல்லு. வேலை போனா மகாராஜபுரத்துல எங்க அண்ணன் வயல் இருக்கு, களை பறிப்போம்" என்றார். அந்த மனிதரை எத்தனை தடவை மண்ணாந்தை என்று நினைத்திருக்கிறேன். குருவானவருக்குக் கடிதம் எழுதினேன். பாவ அறிக்கைக்கு முன் உனக்கு நேரம் தருகிறேன், சுருக்கமாகப் பேசு என்று பதில் வந்தது. என்னை அவருக்கு நன்றாகத் தெரியும். கடைசியாகப் பெரியப்பாவிடம் போனேன்.

"வீட்டு அடுக்களைக் குப்பையைக் கோயில்ல கொண்டாந்து கொட்டப்போறியாக்கும்?" என்றார்.

"கோயில் அரிசிதான பெரியப்பா."

"எல்லா வீட்லயும் உள்ளதுதாம்ட்டி. உன் வீட்டை மட்டும் சொன்னாலும் எங்க எல்லாரையும் சொன்ன மாதிரிதான். நீ எந்திரிச்சு நின்னன்னா, அன்னைக்கோட உன் வாசப்படியை நான் மிதிக்க மாட்டேன்."

அப்பா இறந்தபின் எனக்கு அப்பா ஸ்தானத்தில் நின்று கல்யாணம் செய்துவைத்தவர். காலில் விழுந்து அழுதேன். ஆனாலும் வாக்கை மாற்றவில்லை. அவரும் மாற்றவில்லை.

திருவிருந்து ஞாயிறு வந்தது. குருவானவர் தலையசைத்ததும் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பழைய பேச்சைப் போல எதையும் ஒத்திகை பார்த்திருக்கவில்லை. என் வீட்டில் இரண்டு பானை உண்டு, கீழத்தெரு அரிசியை ஏழு வருஷமாக நான் உண்ணவில்லை, பிச்சை போட்டேன். பெரியப்பாவிடம் கலக்காது என்று பொய் சொன்னேன், கீழத்தெரு அரிசியை அவர்களுக்குத் தெரியாமல் ஒளித்துக் கலந்தேன், என்னை மன்னியுங்கள். இவ்வளவுதான் சொன்னேன். மேலத்தெருப் பெஞ்சிலிருந்து மூன்று குடும்பங்கள் எழுந்து வெளியே போயின. பெரியப்பா போகவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

குருவானவர் பாய்ப் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்லுதீய? மனுவை என்ன செய்ய?" என்று கேட்டார்.

நடவுக்காரி உட்கார்ந்தபடியே, "சாப்பாட்டுக்குப் பொறவு சொல்லுதோம், ஐயரே" என்றார்.

திருவிருந்து வழக்கம்போல நடந்தது. மேலத்தெருப் பெண்கள் எழுந்தபோது நான் எழவில்லை. எல்லாருக்கும் கடைசியில் போய், கீழத்தெருப் பெண்களின் ஓரத்தில் முழங்காலிட்டேன். அவர்கள் வாய் வைத்த பாத்திரம் என்னிடம் வந்தது. என் உதடு ஒரு கணம் தயங்கியது. அத்தனை அழுகைக்கும் அறிக்கைக்கும் பிறகும் தயங்கியது. அதையும் எழுதித்தான் ஆகவேண்டும். குடித்தேன்.

இதனால் மேலத்தெரு மனம் திரும்பியது என்று மேடையில் சொன்னார்களே, அது கதை. ஒரே அடுப்பு மூட்ட இன்னும் நான்கு அறுப்பு ஆனது. வெளியே போன மூன்று குடும்பங்களில் இரண்டு திரும்பி வரவே இல்லை. பெரியப்பா தன் சொல்லைச் சாகும்வரை காத்தார்; என் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்கு வந்தார், வீட்டுக்கு வரவில்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறாத புண்.

அன்று ஆராதனை முடிந்து குருவானவர் வழக்கப்படி பெரியப்பா வீட்டுக்குச் சாப்பிடப் போனார். நான் வீட்டுக்கு வந்து அடுக்களைக்குள் நுழைந்திருப்பேன், வாசலில் நிழல் தட்டியது. நடவுக்காரி இடுப்பில் ஓலைப்பெட்டியோடு நின்றார். எங்கள் வாசலுக்கு வந்த நாட்களில் அதற்குமேல் அவர் வந்ததில்லை, நானும் அழைத்ததில்லை.

"உள்ள வாங்க" என்றேன்.

வந்தார். நேராக அடுக்களைக்கே வந்தார். இரண்டு பானையையும் ஒருமுறை பார்த்தார். பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரோரமாகத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"உலை வையுங்க."

"இப்பவா?"

"கோயில்ல சொன்னதைக் காது கேட்டிருச்சு. கண்ணு பாக்கணும்ங்குது. நான் இருந்து பாத்துட்டுத்தான் போவேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊர் முன்னால் நின்று மானம் போகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், இன்னும் பரீட்சையா என்று வாய்வரை வந்தது. இவர் ஏழு வருஷம் பெட்டி பெட்டியாகக் கொடுத்துவிட்டுப் பேசாமல் இருந்ததை நினைத்தேன். வாயை மூடிக்கொண்டு அடுப்பை மூட்டினேன். அரிசியைக் களைந்தபோது ஒரு கல்கூடத் தட்டுப்படவில்லை.

சோறு வடித்து இறக்கினேன். மூன்று தட்டு எடுத்துவைத்து, அவருக்கு முதலில் போட்டேன். என் கணவரும் வந்து தரையில் உட்கார்ந்தார். குழம்பு ஆக்க நேரமில்லை, மோரும் ஊறுகாயும்தான். நடவுக்காரி தன் தட்டைத் தொடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிசைந்து முதல் கவளத்தை வாயில் வைத்தேன். புது அரிசியின் இனிப்பு நாக்கில் பட்டது. ஏழு வருஷமாக வீட்டில் வைத்துக்கொண்டே இந்த ருசி எனக்குத் தெரியாமல் போயிற்று. கண் நிறைந்துவிட்டது. விழுங்கினேன், இரண்டாவது கவளம் எடுத்தேன்.

அதன்பிறகுதான் அவர் தன் தட்டில் கைவைத்தார். அவசர அவசரமாக உண்டார். பாதியில் நிமிர்ந்து, "மணி என்ன இருக்கும் உபதேசியாரே?" என்று கேட்டார்.

"ரெண்டரை."

"சீக்கிரம் சாப்பிடுங்க டீச்சரம்மா. வண்டி வாரதுக்குள்ள டேசனுக்குப் போயி ஐயர்கிட்ட அந்த மனுக் கடிதாசியைத் திருப்பி வாங்கணும். நீங்களும் கூட வாங்க."

கையைக் கழுவிக்கொண்டு ஓடினோம்.